ரவுண்ட் ராக்கில் ஒரு கூட்ஸ் வண்டிக்குக் காத்திருந்தோம்

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. ஆஸ்டின் விமான நிலையத்திலிருந்து ரவுண்ட் ராக்குக்குச் சுமார் இருபத்தைந்து மைல். டாக்ஸிக்கு நாற்பத்தாறு டாலர். நியூ ஜெர்சியின் பார்சிப்பனியிலிருந்து நான் டெக்சாஸுக்குப் புறப்பட்டு வந்தது ஒரு பாறையையும் ஒரு தண்டவாளத்தையும் பார்க்க. தங்கியது கல்லூரித் தோழி கவிதாவின் வீட்டில்.

அவளுக்கும் கணவன் பிரபுவுக்கும் அன்று வேறு கவலை. பிடித்த வீடு ஒன்று விலைக்குக் கிடைத்திருக்கிறது. அதன் வேலிக்குப் பின்னாலேயே ரயில் பாதை. அவர்களுடைய எட்டு மாதப் பையன் நகுலோ, அடுத்த அறையில் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தாலே விழித்துக்கொள்பவன். மாலை ஐந்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"காலைலேர்ந்து தேடறேன், டைம்டேபிளே கிடைக்கல," என்றான் பிரபு.

"கூட்ஸ் வண்டிப்பா. அது இஷ்டத்துக்குத்தான் வரும்," என்றேன்.

அதனால் ஒரு திட்டம்: நகுலை அந்த வீட்டிலேயே தூங்க வைத்து, ரயில் வரும்வரை காத்திருப்பது.

பதினோரு மணிக்கு ரவுண்ட் ராக்கின் பழைய ஊர்ப் பகுதி. ஓடை நடுவே வட்ட மேஜை போல ஒரு சுண்ணாம்புப் பாறை.

"இவ்ளோதானா?" என்றான் பிரபு.

இவ்வளவுதான். ஆனால் ஊருக்குப் பெயரே இதனால் வந்தது. அந்தக் காலத்தில் ஓடையைக் கடந்த வண்டிக்காரர்களுக்கு ஆழம் குறைந்த இடத்தைக் காட்டிய அடையாளம் இது. சக்கரங்கள் தேய்த்த பள்ளங்கள் ஓடைத் தரையில் இன்னும் இருக்கின்றன. ஒன்றில் காலை வைத்துப் பார்த்தேன். கடைகளும் இதைச் சுற்றித்தான் முளைத்தன. பிறகு ரயில் வந்தது, இங்கே அல்ல, ஒரு மைல் தள்ளி. வியாபாரிகள் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. தண்டவாளத்தை நோக்கிக் கடையை மாற்றினார்கள். அது ஊரானது. இது சில கல்வீடுகளோடு 'பழைய' என்ற அடைமொழியைச் சுமந்து நின்றுவிட்டது.

"டேய், போதும் வா, பையன் தூங்கற டைம்!" காரிலிருந்து கவிதா என்னைக் கூப்பிட்டாள்.

இரண்டு மணிக்கு அந்தக் காலி வீட்டில் இருந்தோம். வீடு விற்றுத் தரும் மீனா ஆன்ட்டி கதவைத் திறந்துவிட்டார்.

"நாலு தடவை காட்டியிருக்கேன் கண்ணா, ஒரு தடவைகூட ட்ரெயின் வரல."

"அது உங்க ராசி ஆன்ட்டி. எங்களுக்கு வந்தாகணுமே," என்றான் பிரபு.

பின்னறையில் விரிப்பின்மேல் நகுல் தூங்கினான். நாங்கள் கொல்லைப்புறத்தில் டப்பா எலுமிச்சை சாதத்தோடு உட்கார்ந்தோம். எங்கள் நியூ ஜெர்சியில் ஸ்டேஷன் பக்கம் என்றால் வாடகை ஏறும். இங்கே வண்டி நிற்காமல் போகிறது. விலைதான் இறங்கி நிற்கிறது. மூன்று மணி ஆயிற்று, நான்கும் ஆயிற்று, வண்டி இல்லை. நாலரைக்கு நகுல் தானாகவே விழித்து, நன்றாகத் தூங்கிய முகத்தோடு சிரித்தான். பரீட்சை பாழ்.

ஐந்துக்குப் பத்து நிமிடம். போனும் கையுமாக வந்தார் ஆன்ட்டி. "இன்னொரு ஃபேமிலி ஆஃபர் குடுக்க ரெடியா இருக்காங்கம்மா. எடுக்கறதுன்னா எடு, இல்லேன்னா விட்டுடு."

பிரபு வேலியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு ஊரே கடையத் தூக்கிட்டு ரயில்கிட்ட வந்திருக்கு," என்றாள் கவிதா. "நாம ஒரு பையனத் தூக்கிட்டு வர மாட்டோமா?"

"அவங்க சரக்கு விக்க வந்தாங்க கவி. தூங்க வரல."

சொன்னானே தவிர, தலையாட்டிவிட்டான். ஆன்ட்டி போன் செய்து முடித்தார்.

கதவைப் பூட்டும்போது ஹாரன் கேட்டது. கிராஸிங்கில் நீளமாக ஒன்று, பிறகு இன்னும் நீளமாக ஒன்று. வேலிப் பலகைகள் அதிர்ந்தன. நகுலின் உதடு பிதுங்கியது. கவிதா உள்ளே ஓடவில்லை. கொல்லைப்புறம் போய் அவனை வேலிக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். கண்டெய்னர்கள், எண்ணெய் டாங்கிகள், மறுபடி கண்டெய்னர்கள். டெக்சாஸ் ரயிலுக்கு வால் லேசில் வராது. பிதுங்கிய உதடு பிதுங்கியபடியே நிற்க, அவன் கண் மட்டும் பெட்டிக்குப் பெட்டி ஓடியது.

கடைசிப் பெட்டியும் கடந்து, சத்தம் அடங்கிய பிறகுதான் வீறிட்டு அழுதான்.

"இது வந்ததுக்கா, போனதுக்கா?" என்றான் பிரபு.

கவிதா நகுலைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "அடுத்த வண்டி வரட்டும், தெரிஞ்சுடும்."