காணாமல் போன டிராகன் முட்டை

போன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, எடப்பாடி பஸ் ஸ்டாண்டில் இடுப்பில் வாளோடு நின்றுகொண்டிருந்தேன்.

வாள் தெர்மாகோல். மேலே சில்வர் பேப்பர் ஒட்டியது. மார்பில் ஒரு கவசம் — லாரி சீட்டுக்கு உறை தைக்கும் கடையில் அளவு கொடுத்துத் தைத்த பழுப்பு ரெக்சின். தோளிலிருந்து பின்னால் தொங்கும் சிவப்பு அங்கி, எங்கள் வீட்டுத் தறியில் நூல் பிசகியதால் ஒதுக்கி வைத்த துணி. கண்ணாடியில் பார்த்தபோது என்னவோ வீரனாகத்தான் தெரிந்தேன். என் மனைவி என்னை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“வண்டி ரெடிங்க. கிளீனரைத்தான் காணோம்.”

ஐம்பத்தாறு வயதில் இதெல்லாம் தேவையா? நீங்கள் கேட்பது எனக்குக் காதில் விழுகிறது. பஸ் கண்டக்டரும் அதையேதான் வேறு மாதிரி கேட்டார்.

“எந்த ஊர்லீங்க கூத்து?”

“கூத்து இல்லீங்க. சேலத்துல ஒரு மீட்டிங்கு.”

அவர் வாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “அதை மடியில வெச்சுக்கங்க. நிக்கறவங்களுக்கு இடிக்குமுங்க” என்று சொல்லி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

விஷயம் இதுதான். செல்போனில் ஆன்லைனில் ஆடும் ஒரு விளையாட்டு. ஆளுக்கொரு வேஷம், ஆளுக்கொரு பெயர். ஒரு மாய உலகத்தில் கோட்டை கட்டுவது, பூதங்களோடு சண்டை போடுவது... மூட்டுவலியில் மூன்று வாரம் படுத்திருந்தபோது என் மகன் போனில் ஏற்றிக் கொடுத்தான். வலி போய்விட்டது. விளையாட்டு போகவில்லை. அங்கே என் பெயர் இடிமுழக்கன். ஏழடி உயரம். தோள் வரை புரளும் முடி. இங்கே நான் ஐந்தடி மூன்று அங்குலம். முடியைப் பற்றிப் பேச வேண்டாம்.

இதில் தனியாக ஆடினால் ஒன்றும் நடக்காது. படை சேர்க்க வேண்டும். எங்கள் படையில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எல்லோருமே சேலம், நாமக்கல் பக்கத்துக்காரர்கள். ஆனால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. எல்லாம் எழுத்தில்தான் பேச்சு. இந்த விளையாட்டை ஆடுகிறவர்கள் ஒருநாள் நேரில் கூடலாம், அவரவர் வேஷத்திலேயே வரலாம் என்று ரசிகர்கள் சிலர் சேர்ந்து ஏற்பாடு செய்தார்கள். சேலத்தில் ஒரு கல்யாண மண்டபம்.

வாசலிலேயே பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், கற்கண்டுத் தட்டு. மண்டபத்து ஆள் பழக்கத்தில் எடுத்து வைத்துவிட்டார் போலிருக்கிறது. எனக்கு முன்னால் போன, இரண்டு கொம்பு முளைத்த பூதம் ஒன்று சந்தனத்தைத் தொட்டுக் கழுத்தில் தடவிக்கொண்டு, இரண்டு கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு உள்ளே போயிற்று. சூனியக்காரி ஒருத்தி காபி எங்கே என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். எல்லோர் நெஞ்சிலும் விளையாட்டுப் பெயர் எழுதிய அட்டை குத்தினார்கள். ரெக்சினில் ஊசி இறங்கவில்லை. என் அட்டையை வாள் பிடியில் கட்டிவிட்டார்கள்.

“இடிமுழக்கன் அண்ணாங்களா?”

திரும்பினேன். எங்கள் படைத் தலைவி. விளையாட்டில் அவர் சிம்மராணி — புலித்தோல் உடுத்தி, கையில் சாட்டையோடு வருவார். நேரில் அவர் பெயர் சுமதி. நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை. நாற்பது வயதிருக்கும். காட்டன் புடவை, தோளில் ஒரு பை.

“வேஷம் போடலீங்களா?”

“பண்ணையில தீவனம் எறக்கிட்டு நேரா வாரேனுங்க. அதுக்கே நேரம் பத்தல.” என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். ரொம்ப நேரம் ஆகவில்லை, சின்னத் தூரம்தானே. “நான் உங்களை நெம்ப உசரமா நெனச்சிருந்தேன்” என்றார்.

சிரித்துக்கொண்டே அவர் காபிக்குப் போன நேரத்தில்தான், இன்னொரு ஆள் என் முன்னால் வந்து கைகூப்பி நின்றார். முப்பத்தைந்து வயதுக்காரர். வெயிலில் கறுத்த முகம், தேய்த்த வெள்ளைச் சட்டை. நெஞ்சில் அட்டை: பாறைவேந்தன்.

ரெக்சினுக்குள் ஓடிக்கொண்டிருந்த வேர்வை சட்டென்று குளிர்ந்துவிட்டது.

ஏன் என்று உங்களிடம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எட்டு மாதம் முன்னால், மூன்று மாதம் சண்டை போட்டு எங்கள் படை ஒரு டிராகன் முட்டையைச் சம்பாதித்தது. அதைப் படையின் பொதுப் பெட்டியில் இருபத்தொரு நாள் வைத்திருந்தால் குஞ்சு வெளியே வரும். கோழிக்கும் அதே இருபத்தொரு நாள்தான் என்பதால் சுமதி தினமும் நாள் எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தார். பத்தொன்பதாம் நாள் முட்டை காணோம். பெட்டியைக் கடைசியாகத் திறந்தவர் பெயர் மட்டும் மூடியில் தெரியும். தெரிந்த பெயர் — பாறைவேந்தன். அவர் பாவம், தன் பங்கு மூலிகையை வைக்கத் திறந்திருக்கிறார். “நான் பாக்கறப்பவே முட்டை இல்லீங்க” என்று எவ்வளவோ எழுதினார். யாரும் நம்பவில்லை. ஓட்டெடுப்பு நடந்தது; எத்தனை ஓட்டு என்று தெரியும், யார் போட்டது என்று தெரியாது. மீதிப் பதினோரு பேரில் பத்து பேர் கட்டைவிரல் காட்ட, அவரைப் படையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

அவருக்கு முன்னால் பெட்டியைத் திறந்தவன் நான்.

அன்றைக்கு என் இடிமுழக்கனுக்குப் பலம் குறைந்திருந்தது. இந்த விளையாட்டில் அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட்டால் பலம் ஏறும். பெட்டியைத் திறந்தேன். வெள்ளையாக ஒரு முட்டை. கண்ணாடி போடாமல் இருந்தேன்... எடுத்தேன். வெங்காயத்தோடு போட்டுச் சமைத்துவிட்டேன்.

சரி, தவறு யாருக்கும் நடக்கும். மறுநாள் சொல்லியிருக்கலாமே? சொல்லத்தான் நினைத்தேன். சுமதி அழுகிற பொம்மையாகப் போட்டு அனுப்பியிருந்தார். சாயங்காலம் சொல்லலாம் என்று விட்டேன். சாயங்காலம் அவர்களே ஒரு திருடனைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பெரியவர், பத்திரிகையில் எழுதுகிறவர் என்று என்னிடம் கருத்துக் கேட்டார்கள். “தீர விசாரிக்கலாமே” என்று எழுதினேன். அப்புறம் நானும் கட்டைவிரலைக் காட்டினேன்.

பொய் சொல்வதற்காவது வாயைத் திறக்க வேண்டும். சும்மா இருப்பதற்கு அந்தச் சிரமம்கூட இல்லை. அந்த வாரம்தான் இதே பக்கத்தில், செய்த தவறை முதல் நாளே ஒப்புக்கொண்டால் நெஞ்சு லேசாகும் என்று எழுதியிருந்தேன். நிறையப் பேர் பாராட்டி எழுதினீர்கள். நன்றி.

“என்ற பேரு முருகேசனுங்க” என்றார் அவர். “திருச்செங்கோட்டுப் பக்கம். போர்வெல் போடற ரிக் வண்டில இருக்கறேன். சத்தீஸ்கர்ல. பத்து நாள் லீவுல வந்தேன். உங்களைப் பாக்கோணும்னுதான் இங்க வந்ததே.”

“என்னையா... எதுக்குங்க?”

“அன்னிக்கு எல்லாரும் என்னைத் திருடன்னாங்க. நீங்க ஒருத்தருதான் விசாரிக்கலாம்னு எழுதுனீங்க. ஒரே ஒருத்தரு ஓட்டுப் போடலியே, அது நீங்கதான்னு எனக்குத் தெரியுமுங்க.”

நான் வாள் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தெர்மாகோல் நசுங்கியது.

“எனக்கு வெளையாட்டு அவ்வளவா வராதுங்கண்ணா. பேச்சுக்குத்தான் வந்தேன். வண்டில மத்த பசங்க எல்லாம் ஒடிசா, பீகாரு. பகல் பூரா மிஷின் சத்தம். பொழுதோட போனைத் தொறந்தா நம்ம ஊருப் பேச்சு ஓடும். சாப்டாச்சுங்களா, அங்க மழைங்களான்னு. அது நின்னு போச்சு. இப்பவும் தெனம் கோட்டை வாசல் வரைக்கும் வருவேன். உள்ள உடாதுங்க. நீங்க எல்லாம் போறதைப் பாத்துட்டு நிப்பேன்.”

அவர் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எட்டு மாதமாகக் கிழக்கு வாசல் வழியாகச் சுற்றிப் போகிறேன்.

“எனக்காகத் தலைவியம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்றீங்களா?”

சொல்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. முட்டையைப் பற்றி மூச்சு விடாமல், பெருந்தன்மையாகச் சிபாரிசு செய்து அவரை உள்ளே சேர்த்துவிட்டால்? அவருக்கும் நல்லது. எனக்கும் நல்ல பெயர்.

சாப்பாட்டுப் பந்தியில் மூன்று பேரும் அடுத்தடுத்து உட்கார்ந்தோம். நடுவில் நான். பிரியாணி போட்டார்கள். பின்னாலேயே ஒருவர் வாளியோடு வந்தார்.

“முட்டை வெக்கட்டுங்களா?”

“வேண்டாங்க.”

“முட்டை வேண்டாங்கற ஆளை நாமக்கல்காரி நான் இன்னிக்குத்தான் பாக்கறேன்” என்றார் சுமதி.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். “இவருதானுங்க பாறைவேந்தன்.”

“தெரியுதுங்க. அட்டையில போட்டிருக்குதே.”

“சில சமயம் தவறுதலா ஏதாச்சும் நடந்திருக்கலாமுங்க. மனுசங்கதானே...”

“தவறுதலான்னா? யாரோட தவறு?”

“பொதுவாச் சொன்னேனுங்க.”

“பொதுவா யாரும் முட்டை எடுக்க முடியாதுங்கண்ணா. யாரோ ஒருத்தரு கைதான் எடுத்திருக்கும்.” சுமதி முருகேசன் பக்கம் எட்டிப் பார்த்தார். “பெரியவரு சொல்றாரு, சேத்துக்கறேன். ஆனா எடுத்தேன்னு உங்க வாயால சொல்லிருங்க. அது போதும்.”

முருகேசன் இலையில் பிரியாணியை ஓரமாக ஒதுக்கினார்.

“சரிங்கம்மா. நானே எடுத்தேன்னு வெச்சுக்கங்க. உள்ள உட்டாப் போதும்.”

எடுக்காத முட்டையை எடுத்தேன் என்கிறார் மனிதர். எதற்கு? சாயங்காலம் ‘சாப்டாச்சா’ என்று கேட்க நாலு பேர் வேண்டும் என்பதற்காக. எடுத்தவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான் — கவசம் போட்டுக்கொண்டு.

“எடுத்தது நானுங்க.”

பந்தியே ஸ்தம்பித்துவிட்ட மாதிரி எனக்கு இருந்தது. அப்படி ஒன்றும் இல்லை. எதிர் வரிசையில் அந்தக் கொம்பு வைத்த பூதம் இன்னும் கொஞ்சம் தயிர் வெங்காயம் கேட்டுக்கொண்டிருந்தது.

“நீங்களா?” என்றார் சுமதி. “எடுத்து என்ன பண்ணுனீங்க? வித்துட்டீங்களா?”

“இல்லீங்க... சமைச்சுட்டேன்.”

“சமைச்சீங்க.”

“பாக்கறதுக்கு முட்டை மாதிரி இருந்துச்சுங்க.”

“முட்டைதானுங்க அது. பத்தொம்பது நாள் முட்டை. உள்ள குஞ்சு ரெக்கை முளைச்சுக் கெடந்திருக்கும்.” கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பண்ணைக்காரர்கள் நோய்க் கோழியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். “அப்படி எவ்வளவு பலம் ஏறுச்சு?”

“ரெண்டு பாயிண்ட்டுங்க. பத்து நிமிசத்துக்கு.”

முருகேசன் முட்டையைப் பற்றிக் கேட்கவே இல்லை. “அப்ப... ஓட்டுப் போடாதது நீங்க இல்லீங்களா?” என்றார்.

“இல்லீங்க. நான் போட்டேன்.”

“அது நானுங்க” என்றார் சுமதி, இலையைப் பார்த்துக்கொண்டே. “எனக்கு முழுசா நம்பிக்கை வரல. ஆனா பத்துப் பேரு சொல்றப்ப எதுத்துப் பேசவும் வரல. தலைவின்னு பேரு மட்டும் இருக்குது.”

அப்புறம் அவர் இடது கையால் பையிலிருந்து போனை எடுத்தார். இடது கட்டைவிரலாலேயே தேடித் தடவி முருகேசனைப் படையில் சேர்த்தார். முருகேசன் சட்டைப் பையில் போன் ஒருமுறை அதிர்ந்தது. அவர் எடுத்துப் பார்த்தார். திரும்ப வைத்தார். மறுபடி எடுத்துப் பார்த்தார்.

“இவரை என்ன பண்றதுங்க?” என்று சுமதி அவரிடம் கேட்டார். இவர் என்றால் நான்தான்.

முருகேசன் முதலில் இலையில் இருந்ததை முழுசாகச் சாப்பிட்டு முடித்தார். அவசரமில்லாமல் சாப்பிடுகிறவர் பக்கத்தில் தீர்ப்புக்குக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் என்னிடம் அனுப்புங்கள்.

“எட்டு மாசமுங்க” என்றார் கடைசியில். “எனக்கு எவ்வளவோ அவ்வளவு. கோவத்துல சொல்லலீங்கண்ணா. வெளிய நின்னா எப்படி இருக்குதுன்னு நீங்களும் பாக்கோணும். எழுதறவரு வேற.”

சுமதி அதே இடது கட்டைவிரலால் என்னைப் படையிலிருந்து நீக்கினார். கை கழுவும் இடத்தில் முருகேசனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் “செரிங்க” என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில் கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்காரியிடம் நடந்ததைச் சொன்னதற்கு, “முட்டையா?” என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து வீட்டில் முட்டைக் குழம்பு வைப்பதில்லை.

புதன்கிழமை முருகேசன் சத்தீஸ்கருக்கு ரயில் ஏறிவிட்டார். நான் தினமும் சாயங்காலம் அந்த விளையாட்டைத் திறந்து கோட்டை வாசலில் போய் நிற்கிறேன். கதவு திறக்கிறது. ஒவ்வொருவராக உள்ளே போகிறார்கள். கதவு மூடுகிறது. உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. ஏழடி உயரம் இருந்தும் மதிலுக்கு மேல் எட்டிப் பார்க்க முடியவில்லை. நாலு நாளுக்கே இப்படி என்றால் எட்டு மாதம்... மனிதர் எப்படி நின்றாரோ.

நேற்று சாயங்காலம் பாறைவேந்தன் உள்ளே போகும் முன் என் பக்கம் நடந்து வந்தார். நின்று எழுதினார்:

“புது முட்டைக்குச் சண்டை ஆரம்பிச்சாச்சுங்கண்ணா. கெடைச்சா பெட்டிக்குக் காவல் நான்தானாம்.”

யாரிடமிருந்து காவல் என்று அவர் எழுதவில்லை. மரியாதை தெரிந்த மனிதர்.