ஏழாம் திருவிழாவும் ஆறரை பஸ்ஸும்

எங்கள் அம்மன் கோயிலில் வருடத்துக்குப் பத்து நாள் திருவிழா. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடும்பத்துக்கு உரியது. அன்றைய பூசை, மேளம், பூ, அன்னதானம் எல்லாம் அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. அந்த நாளின் மரியாதையும் அவர்களுக்குத்தான். ஏழாம் திருவிழா எங்கள் பெரியப்பா வீட்டுக்குரியது.

பெரியப்பாவும் அப்பாவும் தெற்கில் ஒரு பட்டினத்தில் சேர்ந்து பலசரக்குக் கடை வைத்திருந்தவர்கள். கடை கைவிட்டுப் போன பிறகு பெரியப்பா குடும்பத்தோடு கனடாவுக்குப் போனார். அப்பா தீவில் இருக்கிற எங்கள் ஊர் புளியங்கூடலுக்குத் திரும்பி வந்தார். திருவிழாவுக்குக் காசு கனடாவிலிருந்து வரும். வசதி அவர்களோடு போயிற்று, பெயர் மட்டும் எங்களோடு நின்றது. வீட்டுக் கூரை ஒழுகினாலும் ஊரில் நாங்கள் ‘ஏழாம் திருவிழாக்காரர்’தான். சந்தையில் என்னைக் காணும் ஆட்கள்கூட அப்படிச் சொல்லித்தான் பக்கத்தில் நிற்பவருக்கு அடையாளம் காட்டுவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஆனால் அந்தப் பெயர் எனக்கு ஒரு வேலை எடுத்துத் தரவில்லை. படிப்பு முடிந்து வீட்டில் இருந்த காலத்தில் அம்மா எங்கள் பகுதி ஆட்களிடம் எல்லாம் சொல்லி வைத்தா. சாதியைப் ‘பகுதி’ என்றுதான் எங்கள் ஊரில் சொல்வார்கள். எல்லோரும் ‘பாப்பம், பாப்பம்’ என்றார்கள். கடைசியில் வேலை கிடைத்தது ஆறரை பஸ்ஸில்.

அப்போது நான் யாழ்ப்பாணத்துக்கு ஒரு கணினி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். காலை ஆறரைக்கு ஊர்காவற்றுறையிலிருந்து வெளிக்கிடும் பஸ் எங்கள் ஒழுங்கை முகப்புக்கு வரும்போது நிற்கவும் இடமிருக்காது. வகுப்புத் தொடங்கி இரண்டாம் கிழமை, பக்கத்து ஊர் சுருவிலில் ஏறுகிற ஒரு அக்கா என் பையை வாங்கித் தன் மடியில் வைத்தா. அடுத்த நாள் எனக்கு இருக்கையில் பாதி தந்தா. அவவுக்கு யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் அற்றெண்டனாக, நோயாளருக்கு உதவியாக நிற்கிற வேலை. ஒரு மாதம் போகவில்லை, “எங்கட இடத்தில பதிவு எழுத ஒரு ஆள் தேடினம். நீர் வாருமன்” என்றா.

நேர்முகத்துக்கு உடுத்த நல்ல சேலை என்னிடம் இல்லை. முன் இருக்கையில் இருக்கிற பள்ளிக்கூட ரீச்சர் தன்னுடையதை மடித்துக் கொண்டுவந்து தந்தா. ஊர்காவற்றுறையில் ஏறுகிற, புடைவைக் கடையில் நிற்கிற, மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பிள்ளை அதை எப்படிக் கசங்காமல் உடுத்துவது என்று காட்டித் தந்தாள். அற்றெண்டன் அக்கா கடைசியாக ஒன்று சொன்னா. “தீவார் எண்டு சொல்லிச் சிரிப்பினம். அவை சிரிச்சா நீரும் சிரியும். பிறகு கேட்டதுக்கு மறுமொழி சொல்லும்.” அப்படியே சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேலை கிடைத்தது.

அதன் பிறகு நான் பஸ் ஆள். பிறந்த நாளுக்குக் கேக், காய்ச்சலுக்குக் குளிசை, எங்கே வேலை காலி, எந்த ரியூசன் நல்லது எல்லாம் அங்கேதான். எங்களுக்குள் எந்தப் பகுதி, எந்தக் கோயில் என்று யாரும் கேட்டதில்லை. கேட்காமலே எல்லோருக்கும் தெரியும், அது வேறு. அற்றெண்டன் அக்காவின் ஆட்கள் எங்கள் கோயிலுக்கு இளநீர் இறக்குவார்கள், தோரணம் கட்டுவார்கள், வீதி கூட்டுவார்கள். திருவிழா மட்டும் அவர்களுக்கு இல்லை.

பெரியப்பா காலமான அடுத்த வருடம் அவருடைய மகன், எனக்கு அண்ணன் முறை, கனடாவிலிருந்து போன் எடுத்தார்.

“இனி எங்களால திருவிழா செய்ய ஏலாது. இஞ்ச பிள்ளையளுக்கு அது என்னெண்டே விளங்காது. ஆருக்காவது குடுத்துவிடச் சொல்லி உன்ர அப்பாட்டைச் சொல்லு.”

அடுத்த நாள் காலை பஸ்ஸில் அந்தக் கவலையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். அல்லைப்பிட்டி தாண்டியிருக்கும். அற்றெண்டன் அக்கா வெளியே பார்த்தபடி மெதுவாகச் சொன்னா. “எங்களிட்டத் தந்தா நாங்கள் வடிவாச் செய்வம்.”

பகிடிக்குத்தான் சொன்னா. ஆனால் ரீச்சர் திரும்பிப் பார்த்தா. புடைவைக் கடைப் பிள்ளை தன் காதிலிருந்து பாட்டுக் கேட்கிற வயரைக் கழற்றினாள். “நாங்கள் எண்டா ஆர்?” என்று கேட்டேன். “நாங்கள்தான், பஸ்” என்றா ரீச்சர். பட்டினத்துக்குள் நுழைகிற பண்ணைப் பாலம் வருவதற்குள் பூ யார், அன்னதானம் யார், மேளத்துக்கு யாரைக் கேட்பது என்பதெல்லாம் முடிவாகிவிட்டது. எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்தோம். இறங்கும் இடத்தில் கொண்டக்டர் அண்ணையும் சேர்ந்துகொண்டார். “சர்க்கரைத் தண்ணிப் பந்தல் என்ர பொறுப்பு. அதில ஒருத்தரும் கை வைக்கக் கூடாது” என்று எச்சரித்தார்.

வீட்டில் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. “உனக்குக் கலியாணம் பேசுற நேரத்தில ஏன் ஊரோட பகைக்கிறாய்?” என்றா. அப்பா, “கடையில வேலைக்கு நிண்ட எல்லாப் பகுதிப் பெடியளும் நாங்களும் ஒரே மேசையிலதான் சாப்பிட்டனாங்கள். ஊரில வந்து இறங்கினாப் பிறகுதான் ஆளுக்கொரு கோப்பை” என்றார். சம்மதம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு கோயில் தலைவரைப் பார்க்க நான் வெளிக்கிட்டபோது மட்டும் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு கூட வந்தார்.

தலைவர் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். நான் மாமா என்று கூப்பிடுவேன். கோபக்காரர் இல்லை. கதிரை தந்து, தேத்தண்ணி தந்து, எல்லாவற்றையும் கேட்டார்.

“பிள்ளை, உம்மட அப்பாவின்ர பேரில செய்யும். ஒரு பிரச்சினையும் வராது. மற்ற ஆக்கள் உதவிக்கு நிக்கட்டும்.”

“உதவிக்கு அவை எப்பவும் நிண்டவைதானே மாமா. இது அவையின்ரயும் திருவிழா.”

“ஸ்பீக்கரில என்னெண்டு சொல்லுறது? இன்னார் குடும்பம் எண்டுதானே சொல்லுற வழக்கம்.”

“ஆறரை பஸ் எண்டு சொல்லுங்கோ.”

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தேத்தண்ணியைப் பார்த்தார். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கோயில் குருக்கள் இளைய ஐயா அப்போதுதான் வாய் திறந்தார். தகப்பனுக்குப் பிறகு கோயிலைப் பொறுப்பெடுத்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. “போன வருசம் ரெண்டு திருவிழாவுக்கு, அதைச் செய்யிற உபயகாரர் ஆருமே வரேல்லை. நானும் மேளகாரரும்தான் வீதி சுத்தினனாங்கள். கேட்டு வாற ஆக்களை வேண்டாம் எண்டு சொல்ல எனக்கு மனமில்லை” என்றார்.

தலைவர் மாமா பெருமூச்சு விட்டார். “செய்யுங்கோ. என்ன நடக்குமெண்டு நான் சொல்ல மாட்டன்.”

திருவிழாவுக்கு இருந்த அந்த மூன்று கிழமையும் நான் நிலத்தில் நடந்ததாக நினைவில்லை. பஸ்ஸே ஒரு கலியாண வீடு. புடைவைக் கடைப் பிள்ளை எல்லோருக்கும் ஒரே மாம்பழ நிறத்தில் சேலை பார்த்து எடுத்து வந்தாள். “வேதக்காரி எனக்கும் ஒண்டு, நானும் வருவன்” என்றாள். திருவிழாவுக்கு முதல் நாள் மாலை பட்டினத்தில் பூ வாங்கிக்கொண்டு ஏறி, வழி முழுக்க மாலை கட்டினோம். நாங்கள் அறியாத ஆட்கள்கூட நூல் பிடித்தார்கள். டிறைவர் அண்ணை பள்ளங்களில் மெதுவாக இறக்கினார். மல்லிகை வாசத்தில் ஒரு கிழவர் தன் இறங்கும் இடத்தைத் தவறவிட்டு, அதற்கும் சிரித்துக்கொண்டு நடந்து போனார்.

ஏழாம் நாள். காலையிலேயே தெரிந்துவிட்டது, வழக்கமாக வரும் சில வீட்டார் வரவில்லை. வந்த சிலரும் தள்ளி நின்றார்கள். அம்மா வந்திருந்தா. முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, ஆனால் மாம்பழ நிறச் சேலையில்.

பூசைக்கு முதல் ஐயா எங்கள் விரல்களில் தர்ப்பை போட்டார். பிறகு வழக்கம்போல “கோத்திரம்?” என்று கேட்டார். ரீச்சருக்கு ஒரு கோத்திரம் இருந்தது. எனக்கும் இருந்தது. அற்றெண்டன் அக்கா தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றா, அந்த விரலில் முதல் தரமாகத் தர்ப்பை. ஐயா அவவைப் பார்த்தார். பிறகு, “எல்லாருக்கும் சிவகோத்திரம்” என்று தானே சொல்லி மந்திரத்தைத் தொடங்கினார். அக்காவின் பெயரும் நட்சத்திரமும் அந்த மண்டபத்தில் சத்தமாகக் கேட்டன.

மாலையில் அம்மன் வீதி வர வேண்டும். சிங்க வாகனத்தில் அம்மனை ஏற்றி, மாலை சாத்தி, மேளம் தொடங்கியாயிற்று. தூக்க ஆட்கள் போதாது. எங்கள் பகுதிப் பெடியள் பாதிப்பேர் வெளிநாட்டில். மிச்சத்தில் கொஞ்சப் பேர் தெற்கு வீதியில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு நின்றார்கள், கிட்ட வரவில்லை. இந்தப் பக்கம் அக்காவின் புருசனும் தம்பியும் வேட்டியும் திருநீறுமாக நின்றார்கள். ரீச்சரின் மகனும் கொண்டக்டர் அண்ணையும் அவர்களோடு. எல்லோரும் வாகனத்தைத் தோளில் தூக்குகிற மரக்கொம்பைப் பார்த்தார்கள், யாரும் தொடவில்லை.

தவில்காரர் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு நின்றார். தலைவர் மாமாவின் முகம் வேர்த்திருந்தது. அவர் தெற்கு வீதியைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார்.

“மாமா, அம்மன் நிக்கிறா” என்றேன்.

அவர் சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். தானே முன்னால் போய் வலக் கொம்புக்குத் தோள் கொடுத்தார். அந்த வயதில் அவரால் தூக்க ஏலாது, எல்லோருக்கும் தெரியும். இடக் கொம்பைக் காட்டி அக்காவின் தம்பியிடம், “தம்பி, பிடியும்” என்றார்.

அவர்கள் பிடித்தார்கள். அம்மன் எழும்பினா. நாதஸ்வரம் அப்படியே மேலே போயிற்று. மாம்பழச் சேலை அத்தனையும் ‘அரோகரா’ என்று கத்தியது, அதில் வேதக்காரப் பிள்ளையின் குரல்தான் பெரிசு. ஸ்பீக்கரில் யாரோ தொண்டையைச் செருமிவிட்டு, “இன்றைய திருவிழா உபயம், ஆறரை பஸ் பயணிகள்” என்று சொன்னார்கள். கூட்டத்தில் சிரிப்பு எழும்பியது. சிரிப்போடு கைதட்டலும் வந்தது. மேற்கு வீதி திரும்பும்போது மோட்டார் சைக்கிளில் சாய்ந்திருந்தவர்களில் இரண்டு பேர் சேர்ட்டைக் கழற்றிவிட்டு ஓடி வந்து பின் கொம்பில் தோள் கொடுத்தார்கள். தலைவர் மாமா அப்போதுதான் விலகி, மூச்சு வாங்கிக்கொண்டு, கொண்டக்டர் அண்ணையின் பந்தலில் சர்க்கரைத் தண்ணி வாங்கிக் குடித்தார்.

முடிவில் உபயகாரருக்குக் காளாஞ்சி கொடுப்பது வழக்கம். தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை. நாங்கள் முன்பே பேசி வைத்தபடி அக்காதான் போய் வாங்கினா. வாங்கி வந்து என் பக்கத்தில் நின்று, “பாரமாக் கிடக்கு” என்றா. அழவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தா.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்ல ஏலாது. எனக்குப் பேசிக்கொண்டிருந்த ஒரு சம்பந்தம் அந்தக் கிழமையே நின்றது. உறவினரின் வட்ஸ்அப் குழுவிலிருந்து நாலைந்து பேர் சொல்லாமல் வெளியேறினார்கள். அற்றெண்டன் அக்காவைக் கோயில் வாசலில் வைத்து ஒரு கிழவி பேசக்கூடாததைப் பேசினா. அக்கா அதைப் பஸ்ஸில் சொன்னா. பட்டினம் வரும்வரை நான் அவவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

ஆனால் கனடா அண்ணன் போன் எடுத்தார். நேரடி வீடியோவில் முழுவதும் பார்த்திருக்கிறார். திட்டப் போகிறார் என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

“அந்த இடப் பக்கம் தூக்கினது ஆர்?”

“பஸ்ஸில எங்களோட வாற அக்காவின்ர தம்பி.”

“நான் ஒருநாளும் தூக்கினதில்லை, தெரியுமோ? தோள் வளர முதலே வெளிக்கிட்டாச்சு. பேருக்குத்தான் திருவிழாக்காரன்.” பிறகு தயங்கிக்கொண்டு, “வாற வருசம் வந்தா எனக்கும் ஒரு இடம் தருவியளோ?” என்று கேட்டார்.

பஸ்ஸில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டேன். ரீச்சர் யோசிப்பதுபோல் பாவனை செய்தா. புடைவைக் கடைப் பிள்ளை, “மாலை கட்டத் தெரிஞ்சா வரட்டும்” என்றாள். எல்லோரும் சிரித்தோம், ஆம் என்றும் சொன்னோம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும் இன்று மாலை தலைவர் மாமா போன் எடுத்தார். ஒன்பதாம் திருவிழாவும் ஆளில்லாமல் கிடக்கிறதாம். வேலணைச் சந்தியில் ஓட்டோ ஓடுகிற பெடியள் வந்து கேட்டிருக்கிறார்களாம், எல்லாப் பகுதி ஆட்களும் கலந்து. “அவையளோட என்னெண்டு கதைக்கிறது பிள்ளை? நீர் ஒருக்கா வந்து நில்லுமன்” என்றார்.

“ஓம் மாமா, வாறன். அக்காவையும் கூட்டிக்கொண்டு வரட்டோ?”

“கட்டாயம் கூட்டிக்கொண்டு வாரும்” என்றார். நான் உடனே அக்காவுக்குப் போன் எடுத்தேன்.