பலாப்பால் ஒட்டிய பொங்கல் வாழ்த்து

அக்காவுக்குப் பரிசம் போட்ட அன்று, மாப்பிள்ளை வீட்டாரோடு வந்திருந்த ஓர் அம்மாள் வெற்றிலையை மென்றுகொண்டே, "பொண்ணு படிச்சிருக்குதா, கைநாட்டா?" என்று கேட்டுவிட்டாள்.

"கைநாட்டுதான். அதுக்கு இன்னா இப்ப? சாமை குத்தச் சொல்லிப் பாருங்க, உங்க வூட்டு உரலே அலறும்" என்றாள் எங்கள் அம்மா, பெருமையாக. எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

மாப்பிள்ளையும் எங்கள் ஜவ்வாது மலைக்காரர்தான். ஆனால் எட்டாவது வரைக்கும் படித்துவிட்டு, ஆலங்காயத்தில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிற வேலையில் இருந்தார். கல்யாணப் பத்திரிகையோ ஜவுளிக்கடை நோட்டீசோ, ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவர் அடுக்கிக் கொடுத்தால்தான் அச்சாகும்.

"எழுத்துலயே பொழைக்கிற ஆளுடி. நான் போயி அங்க இன்னாத்த பண்ணுவேன்? என்னப் பாத்து வெக்கப்படுவாரு" என்று அக்கா என்னிடம் மட்டும் சொன்னாள். மாட்டை அதட்டினால் மனிதர்களும் சேர்ந்து ஒதுங்குவார்கள், அப்படிப்பட்டவள் அவள். அவள் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நான் அப்போது புதூர்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் ஏழாவது. உலகத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை.

"பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவோம். உன் கையால நீயே எழுது" என்றேன்.

எழுபதுகளின் கடைசி அது. பொங்கல் வந்தால் தபால்காரர் பை வாழ்த்து அட்டைகளால் உப்பிக்கொள்ளும். போளூர்க் கடைகளில் கயிறு கட்டி வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். பானை, கரும்பு, சூரியன், மேலே ஜிகினாத் தூள். அப்பா ஒருமுறை என்னைக் கூட்டிப் போனபோது ஓர் அட்டையைத் தடவிப் பார்த்து, கடைக்காரரிடம் திட்டு வாங்கி, விரல் நுனியில் மினுமினுப்போடு வீடு திரும்பியிருக்கிறேன். ஆகவே அந்தத் தொழிலில் நான் அனுபவசாலி.

பழைய காலண்டரின் வெள்ளைப் பின்புறம் எங்களுக்கு அட்டை ஆயிற்று. மஞ்சளில் சுண்ணாம்பு குழைத்துச் சிவப்பு, அவரை இலையைக் கசக்கிப் பச்சை, துணிக்குப் போடும் நீலத்தில் வானம். ஜிகினாவுக்கு ஓடையில் இறங்கினோம். மணலுக்குள் காக்காப்பொன் கிடக்கும். நகத்தால் உரித்தால் ஏடு ஏடாகப் பிரியும், வெயிலில் பிடித்தால் கண் கூசும். மடி நிறையப் பொறுக்கி வந்து, அம்மா இல்லாத நேரம் பார்த்து உரலில் போட்டுக் குத்தினோம்.

குத்தியதோடு உரலைக் கழுவியிருக்க வேண்டும். கழுவவில்லை. மறுநாள் அதே உரலில் அம்மா சாமை குத்திச் சோறாக்கினாள். சோறு மினுங்கியது. அப்பா ஒரு கவளத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இன்னாடி இது, ராசா வூட்டுச் சாப்பாடு மாதிரி கீது?" என்றார். நானும் அக்காவும் வாயைத் துணியால் அடைத்துக்கொண்டு வெளியே ஓடி, மாட்டுக் கொட்டகையில் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் அம்மா விளக்குமாற்றோடு வந்தாள். அடி விழுந்தது, சிரிப்பு நிற்கவில்லை.

தூளைப் பழைய புடவைத் துணியில் சலித்தோம். மாவாக விழுந்தது சூரியனுக்கு, துணியில் தங்கியது எழுத்துக்கு. பசையால் கோடு இழுத்து, மேலே தூளைத் தூவி, கொஞ்சம் பொறுத்து, அட்டையின் முதுகில் ஒரு சுண்டு சுண்டினால், ஒட்டாத தூளெல்லாம் தட்டில் கொட்டிவிடும். ஒட்டியது மட்டும் பளிச்சென்று நிற்கும். ஒவ்வொரு சுண்டுக்கும் அக்கா கையைத் தட்டிக் கத்துவாள்.

பென்சில் அவளுக்குப் பிடிபடவே இல்லை. பிடித்தால் முனை ஒடியும். வேப்பங்குச்சியைக் கொடுத்தேன். "கோலம் போடுற மாதிரி நெனச்சுக்கோக்கா, சுழி, வளைவு, ஒரு இழுப்பு" என்றேன். அவ்வளவுதான். பன்னிரண்டு நாள் சாம்பலில் எழுதி எழுதிப் பழகினாள். பொங்கல் வாழ்த்து என்று இரண்டு சொல், கீழே அவள் பெயர். அடுப்படி, களம், ஓடை மணல், எங்கே பார்த்தாலும் அக்காவின் பெயர்தான். அப்பா அதை மிதிக்காமல் தாண்டித் தாண்டி நடந்தார்.

பசைதான் எங்களைக் கவிழ்த்தது. கேழ்வரகுக் கஞ்சியில் ஒட்டிய தூள் காய்ந்ததும் உதிர்ந்துவிட்டது. உடனே பலாமரத்தைக் கீறினோம். எங்கள் மலையில் ஓட்டைக் குடத்தை அடைப்பதும் பலாப்பால், குருவி பிடிப்பதும் பலாப்பால். அது ஒட்டாத பொருள் ஏதும் உண்டா? பாலைக் காய்ச்சி, அட்டையின் உள்பக்கத்தில் அக்கா குச்சியால் எழுத, நான் தூவினேன். மார்கழிக் குளிரில் அது கல் மாதிரி இறுகியது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. எங்கள் அட்டைக்கு முன்னால் போளூர் அட்டைகள் பிச்சை வாங்க வேண்டும் என்று தீர்மானித்து, மடித்து, உறைக்குள் போட்டு, தபால்காரரிடம் கொடுத்தோம். கீழே ஆலங்காயத்து வெயிலில் பலாப்பால் இளகும் என்பது எங்கள் மண்டையில் ஏறவே இல்லை.

பொங்கல் வந்தது. போனது. பதில் இல்லை.

அக்கா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். "கோணலா கீதுன்னு அச்சாபீசுல காட்டிச் சிரிச்சிருப்பாங்க" என்றாள் ஒருநாள். அவளைத் தூண்டிவிட்டவள் நான்தானே.

காணும் பொங்கல் முடிந்த நாலாம் நாள், சந்தை ஜீப்பில் புளி மூட்டைமேல் உட்கார்ந்து மாப்பிள்ளையே வந்து இறங்கினார். கையில் எங்கள் வாழ்த்து. மீசையில் காக்காப்பொன். அம்மா பதறிப்போய்ப் பாயை விரித்தாள். அக்கா கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க அத்தை. இதத் தொறக்க முடியல" என்றார் அவர். "வூட்ல ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்துப் பாத்தாங்க. எங்கப்பா கத்திய எடுத்துட்டாரு. கிழிஞ்சிடப் போவுதுன்னு புடுங்கிக்கினு வந்துட்டேன். உள்ள இன்னா எழுதியிருக்குதுன்னு தெரியாம தூக்கமே வரல."

அம்மா அட்டையை மோந்து பார்த்தாள். "பலாப்பால்! ஏண்டி, உங்களுக்குப் புத்தி கீதா?" என்று எங்களைத் திட்டிக்கொண்டே, பலாப்பழம் அறுக்கிறபோது செய்வதுபோல விளக்கெண்ணெயில் விரலைத் தொட்டுத் தொட்டு ஓரத்தை நெகிழ்த்தினாள். அட்டை சத்தத்தோடு வாய் பிளந்தது.

எனக்கு உயிரே போய்விட்டது. அக்கா எழுதிய பக்கம் துடைத்துவிட்டாற்போல வெறுமையாக இருந்தது. எழுத்தெல்லாம் தோலாக உரிந்து எதிர்ப்பக்கத்தில் இடவலம் புரண்டு ஒட்டிக் கிடந்தது. ஏழாவது படித்த என்னாலேயே ஒரு எழுத்தைக்கூடப் படிக்க முடியவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அக்காவின் முகம் சுண்டிவிட்டது.

அவர் கண்ணைக்கூடச் சுருக்கவில்லை. "பொங்கல் வாழ்த்து" என்று கடகடவென்று படித்தார். பிறகு அக்காவின் பெயரை, கொஞ்சம் மெதுவாக. அம்மா வாயைப் பிளந்து நின்றாள். "ஈய எழுத்து இப்படித்தான் அத்தை இருக்கும், திரும்பிக்கினு. நாள் பூரா நான் பாக்குறது இதத்தான்" என்றார். நான் துள்ளிய துள்ளலில் எண்ணெய்க் கிண்ணம் கவிழ்ந்தது.

அக்கா வெளியே வந்தாள். நேராக அவரைப் பார்த்து, "எனக்கு அது மட்டுந்தாங்க எழுதத் தெரியும். வேற ஒண்ணும் தெரியாது. இப்பவே சொல்லிட்டேன்" என்றாள்.

அவர் அட்டையை மடிக்காமல் இரண்டு கையிலும் ஏந்தியபடி நின்றார். "ஊருக்கெல்லாம் நான் வாழ்த்துக் கோத்துக் கொடுக்குறேன். எனக்குன்னு ஒருத்தரும் ஒரு எழுத்து எழுதி அனுப்புனதில்ல" என்றார். குரல் இறங்கியிருந்தது. சட்டென்று சிரித்துக்கொண்டு, "பதில் போட்டா படிப்பியா?" என்று கேட்டார்.

"போட்டுப் பாருங்க" என்றாள் அக்கா.

கல்யாணம் வைகாசியில். இருந்தது நாலு மாதம், எழுத்தோ இருநூற்றுச் சொச்சம். ஜீப் கிளம்பிய புழுதி அடங்குவதற்குள் அக்கா என் சிலேட்டோடு எதிரில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து, "இன்னாடி முழிக்கிற? ஆரம்பி" என்றாள்.