ஆர்டிஸ் வாங்கிய மூன்று திரைகள்

ஆர்டிஸ் ஹோவ்லண்ட் எங்கள் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். மினசோட்டா மாநிலத்தின் வடகோடியில், சாலை எது ஏரி எது என்று தெரியாத பனியில், ஒரு பிள்ளைக்குக்கூடச் சிராய்ப்பு இல்லாமல் ஓட்டி ஓய்வு பெற்றாள். அவ்வளவு நிதானமான பொம்பளை, நிச்சயமான குரலில் யாராவது பேசிவிட்டால் மட்டும் உடனே தலையாட்டிவிடுவாள். எங்கள் புகைப்படச் சங்கத் தலைவன் வெண்டல் க்வாம் இருக்கிறானே, அவனுக்குக் குரல் மட்டும்தான் நிச்சயம். அவனைப் பற்றி மரியாதையாக எழுத எனக்கு வரவில்லை, மன்னிக்க வேண்டும்.

ஓய்வுக்குப் பிறகு அவள் கறுப்பு வெள்ளைப் படம் எடுக்கப் பழகினாள். நூறு படத்தில் ஒன்று தேறும். அப்படித் தேறியதுதான் அவள் புருஷன் டெல்மரின் படம்.

உறைந்த ஏரிமேல் ஜன்னலே இல்லாத மரக்குடில் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, ஐஸில் வெட்டிய ஓட்டையைப் பார்த்தபடி ஈட்டியோடு மீனுக்குக் காத்திருப்பது எங்கள் பக்கத்து ஆண்களின் குளிர்கால வேலை. உள்ளே கும்மிருட்டு. தண்ணீருக்குள்ளிருந்து மேலே வரும் வெளிச்சம் மட்டும் முகத்தில் படும். அந்த வெளிச்சத்தில் டெல்மரின் தாடையும் கன்னமும் மெல்லத் தெரிய, ஓர் ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பதே படத்தில் வந்திருந்தது. அவர் கடைசியாக ஏரிக்குப் போன நாள் அது. நுரையீரல் தேய்ந்துபோய், அடுத்த குளிர்காலத்தில் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு வீட்டோடு முடங்கிவிட்டார். ஏரி உருகும்வரை தாங்கமாட்டார் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பிப்ரவரியில் சங்கத்தின் கண்காட்சி. அந்தச் சுவரில் டெல்மர் தன்னைத் தானே பார்க்க வேண்டும். ஆர்டிஸுக்கு அதைத் தவிர வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கணினித் திரையில் அழகாகத் தெரிந்த படம், காகிதத்தில் அச்சானதும் கறுத்துப் போனது. வெள்ளையாக ஓட்டை தெரிந்தது, சுற்றிலும் கரி. சங்கக் கூட்டத்தில் வெண்டல் அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, லென்ஸ் மூடியைக் கழற்றிவிட்டுத்தானே எடுத்தாய் என்று கேட்டான். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அவளும் கூடச் சிரித்தாள்.

அப்புறம் அவனையே காபிக்கு அழைத்து, மூலப் படத்தைத் திரையில் காட்டி, எந்த மானிட்டர் வாங்கலாம் என்று கேட்டாள். வருஷா வருஷம் ஒரே கலங்கரை விளக்கத்தை எடுத்து முதல் பரிசு வாங்குகிறவன் அவன். அந்தப் படத்தைப் பார்த்ததும் அவன் வயிறு எரிந்திருக்க வேண்டும். இரண்டு கோப்பை காபி குடித்தானாம். பிறகு, சாம்பல் நிறத்தின் சாயல்களைப் பிரித்துக் காட்டும் மானிட்டராக வாங்கு என்றான்.

அவள் வீட்டுச் சமையலறை மேசை ஏரியைப் பார்த்த ஜன்னலோரம் இருக்கும். பகலெல்லாம் பனியின் ஒளி கண்ணைக் கூச வைக்கும். அதற்கு ஈடுகொடுக்க ஆர்டிஸ் திரையின் வெளிச்சத்தை முழுசாக ஏற்றி வைத்திருந்தாள். கோளாறு அவ்வளவுதான். திரை அத்தனை பளீரென்று இருந்தால் இருட்டுகூட அதில் முகமாகத் தெரியும், காகிதத்தில் தெரியாது. புது மானிட்டர் வந்ததும் பெட்டியைப் பிரித்த கையோடு அதையும் முழுசாக ஏற்றினாள். அச்சு மறுபடியும் கரி.

பளபளப்புத் திரை வேண்டாம், மங்கல் பூச்சு உள்ளதாக வாங்கு என்றான் வெண்டல். வாங்கினாள், ஏற்றினாள், கரி. ஒருமுறை படத்தையே வெளுப்பாக்கி அச்செடுத்தாள். முகம் வந்தது. வெண்டல் உதட்டைப் பிதுக்கி, கறுப்பு செத்துவிட்டது, நடுவர் குப்பையில் போடுவார், படத்தைத் தொடாதே, திரையை மாற்று என்றான். மூன்றாவது, படக்கலைஞர்களே வாங்க யோசிக்கிற விலை. டெல்மரே தன் மீன்குடிலை விற்கச் சொன்னார். இனிமேல் அதில் யார் உட்காரப் போகிறார்கள் என்றாராம். குடிலை விற்று வாங்கினாள், ஏற்றினாள், மறுபடியும் கரி.

கண்காட்சி அன்று சக்கர நாற்காலியில் அவரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கூடத்து விளக்கிலாவது முகம் தெரியும் என்று நம்பினாள், பாவி. டெல்மர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கழுத்தை நீட்டி, ரொம்ப நேரம் தன்னைத் தேடினார். பின்னால் கூட்டம் நின்றது.

"ஓட்டை நல்லா வந்திருக்கு, ஆர்டிஸ்" என்றார்.

கூடமே சிரித்தது. அவரும் சிரிக்கப் போய் இருமல் பிடித்துக்கொண்டது. குழாயைச் சரிசெய்தபடியே அவரை வெளியே தள்ளிப் போனாள். மார்ச் பிறப்பதற்குள் போய்விட்டார். சவப்பெட்டி அருகே வைக்க வேறு படம் இல்லாமல், ஓட்டுநர் உரிமத்தில் இருந்ததைப் பெரிதாக்கி வைத்தார்கள். அதில் அவர் திருடன்போல முழித்தார்.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. நான் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். வெண்டல் பன்றி இறைச்சி வைத்த ரொட்டித் தட்டோடு ஆர்டிஸிடம் வந்தான்.

"இனிமே அவசரம் இல்லையே, அதான் சொல்றேன்" என்றான். "திரை வெளிச்சத்தை மூணுல ஒரு பங்காக் குறைச்சுப் பாரு. ஜன்னலையும் மூடிக்கோ. பழைய மானிட்டரே போதும் உனக்கு."

"இது எப்பத் தெரியும் உனக்கு?"

"அன்னிக்கு உன் வீட்டுல பாத்தப்பவே. நீ எதை வாங்கலாம்னுதானே கேட்டே?"

கையிலிருந்த காபியை அவன் மேல் ஊற்றியிருப்பேன். ஆர்டிஸ் என் கையிலிருந்து கூஜாவை வாங்கி, அவன் கோப்பையை நிரப்பினாள். எங்கள் ஊர் வளர்ப்பு அப்படி, நாசமாய்ப் போக.

மறுவாரம் அவள் வீட்டுக்குப் போனேன். ஜன்னலில் போர்வை கட்டியிருந்தாள். இருட்டறையில் மானிட்டர் மட்டும் கண்ணைக் கூசும்படி எரிந்தது. அதில் டெல்மர் இருந்தார். குறைத்துப் பார்த்தாயா என்று கேட்டேன்.

"பாத்தேன். பொத்தானை அழுத்த அழுத்த அவர் போயிட்டே இருந்தார். முதல்ல கண்ணு, அப்புறம் கன்னம். கடைசியில ஓட்டைதான் மிச்சம். அந்த வெளிச்சத்துலேயே படத்தைத் திருத்தினா அவரை மெல்ல மேல கொண்டு வரலாமாம், அச்சும் நல்லா வருமாம்." திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள். "யாருக்குக் காட்ட? திரும்ப முழுசா ஏத்தி வெச்சிட்டேன்."