கணக்கில் வராத அழுகை

வடிவுக்கு அப்போது இருபத்தேழு வயது. படவேட்டில் கரும்பு போடும் வீட்டின் கடைசிப் பெண். குழந்தைகளின் மனவளர்ச்சி பற்றி முனைவர் பட்ட ஆய்வு. 1981 தை மாதம், ஜமுனாமரத்தூரிலிருந்து ஒரு மணி நேரம் நடந்தால் வரும் மலைக்கிராமத்தின் ஒற்றை அறைப் பள்ளிக்கூடம்தான் அவளுடைய ஆய்வுக்கூடம்.

சோதனை எளிது. ஒன்றரை வயதுக் குழந்தையும் தாயும் அறையில் இருப்பார்கள். தாய் எழுந்து வெளியே போவாள், மூன்று நிமிடம் கழித்துத் திரும்புவாள். குழந்தை அழுகிறதா, தாய் வந்ததும் தாவுகிறதா என்று வடிவு மூலையில் உட்கார்ந்து குறிப்பாள்.

அதுவரை பார்த்த இருபத்துமூன்றில் பதினெட்டுக் குழந்தைகள் அழவில்லை. நகரத்துக் குழந்தைகளோ இதே சோதனையில் ஊரைக் கூட்டியிருந்தன. ‘மலைத் தாய்மாரிடம் பிணைப்புக் குறைவு’ என்று அத்தியாயத்துக்குத் தலைப்பும் எழுதிவிட்டாள். பங்குனிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால் பட்டம். பட்டம் வந்தால் கல்லூரி வேலை தயாராக இருந்தது.

கடைசி நாள் ராணியம்மாள், புளி உலுக்கும் வேலையை விட்டுவிட்டு, இருபத்துநான்காவதாக மகன் சடையனைக் கொண்டுவந்திருந்தாள். சோதனை முடிந்தது.

“இன்னா டீச்சரம்மா, எம்புள்ள பாஸா, பெயிலா?”

வடிவுக்கு மழுப்பத் தெரியாது. “நீங்க போனதையே அவன் கண்டுக்கலீங்க. அம்மா மேல ஒட்டுதல் கம்மின்னு அர்த்தம்.”

ராணியம்மாள் சிரித்தாள். வடிவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

“தெனம் விடிய காட்டுக்குப் போறேன், பொழுது சாய வர்றேன். வந்துடுவேன்னு அதுக்குத் தெரியும். இன்னாத்துக்கு அழணும்? இவன் அக்காக்காரிய வெளிய தொரத்தினியே, அப்போ அழுதுச்சே. அது உன் காதுல வுழலியா?”

வாசலில் ஒன்பது வயது காந்தா நின்றிருந்தாள். தாய்மார் காட்டிலிருக்கும் பகலெல்லாம் அந்த ஊர்க் குழந்தைகள் அக்காமாரின் இடுப்பில்தான். காந்தாவைப் போன்றவர்களை இடைஞ்சல் என்று வடிவு முதலிலேயே வெளியே அனுப்பிவிடுவாள். குழந்தை அழும். அடங்கும் வரை காத்திருந்து பிறகு சோதனையைத் தொடங்குவாள். எத்தனை நிமிடம் காத்தோம் என்று தாளின் ஓரத்தில் பென்சிலால் குறிப்பது அவள் பழக்கம்.

அங்கேயே உட்கார்ந்து தாள்களைப் புரட்டினாள். சடையன், ஏழு நிமிடம். அடுத்தவன், ஐந்து. இருபத்துநான்கில் இருபத்திரண்டு குழந்தைகள் அழுதிருந்தன. அழுகையெல்லாம் முடிந்த பிறகு அவள் சோதனை செய்திருக்கிறாள்.

“காந்தா, நீ உள்ள வா. கொஞ்ச நேரம் தம்பியோட இரு. அப்புறம் தண்ணிக்குப் போற மாதிரி போ.”

காந்தா போன நாற்பதாவது விநாடியில் சடையன் கதவைப் பிடித்துக்கொண்டு வீரிட்டான். தாய் தூக்கினாள். உடம்பை வில்லாக வளைத்தான். அக்கா திரும்பியதும் அவள் கழுத்தில் முகம் புதைத்தான். மூச்சு சீரானதும், அவள் தோளுக்கு மேலே தலையை நீட்டி அம்மாவைப் பார்த்துச் சிரித்தான்.

திரும்பி வந்து அவள் சொன்னதை வழிகாட்டிப் பேராசிரியர் ராஜேந்திரன் பொறுமையாகக் கேட்டார். “நடுவுல முறையை மாத்தினா அத்தனையும் செல்லாதும்மா. தலைப்பைக் கொஞ்சம் மென்மையாக்கிக் கொடுத்துடு. பட்டம் வந்துடும்.”

“தப்புன்னு தெரிஞ்சப்புறம் எப்படிங்க சார்?”

“அப்போ முதல்லேர்ந்துதான்.”

மறு வாரமே மலைக்குப் பேருந்து ஏறினாள். பழைய குழந்தைகளுக்குச் சோதனை பழகிவிட்டது. புதிதாக இருபத்துநான்கு பேரை வேறு ஊர்களில் தேட வேண்டும். அதற்கு மூன்று வருடம் ஆனது. கல்லூரி வேலை வேறொருவருக்குப் போயிருந்தது. அதைப் பற்றி வீட்டில் ஒருநாளும் அவள் பேசியதில்லை. பால்வாடி ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுத்தே ஓய்வு பெற்றாள். சென்ற ஆவணியில், காலை பத்து நாற்பதுக்கு அவள் மூச்சு நின்றது.

ஆய்வேட்டை 1984இல் அவள் முதலில் கொண்டுபோய்க் காட்டியது ராணியம்மாளிடம். அந்த அத்தியாயத்தைப் படித்துக் காட்டச் சொல்லி ராணியம்மாள் கேட்டாள். ஒரு பக்கம் முடிந்தது.

“இதக் கண்டுபுடிக்க மூணு வருசமா? எங்கூட்டு ஆட்டுக்குட்டியக் கேட்டிருந்தாலே சொல்லியிருக்கும்.”

“ஆட்டுக்குட்டிய நம்ப மாட்டாங்களே, அக்கா.”

ராணியம்மாள் களத்தின் பக்கம் திரும்பிக் கத்தினாள். “ஏ காந்தா! முறத்த வெச்சிட்டு இங்க வா. உன்னப் பத்திதான் எழுதிக்கினு வந்திருக்காங்க.”

காந்தா வெட்கத்தோடு வந்து உட்கார்ந்தாள். வடிவு முதல் வரியிலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கினாள்.