பலகையோடு வரும் சோணை

சோணை ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் குனிந்து தரையைத் தொட்டுப் பார்ப்பான். பிறகுதான் கக்கத்தில் இடுக்கி வந்த பலகையைச் சுவரோரம் வைத்து அதன்மேல் ஏறுவான். பலகையின் நான்கு மூலைக்கும் பீங்கான் குமிழ்களைக் காலாகத் திருகியிருக்கிறான். கீழே தண்ணீர் ஓடினாலும் கட்டையில் படாது.

கீழக்குயில்குடியிலிருந்து இருட்டோடு கிளம்பி மதுரைக்கு நடந்து வருகிறவன். பாதி வயது களத்துமேட்டில் கழிந்துவிட்டது. மின்சார வேலையை இப்போதுதான் பழகுகிறான். அவனைக் கூட வைத்திருக்கும் வயர்மேன் மொக்கையன் கேலி செய்வார்: "குறடு, திருப்புளி, சோதனை பல்பு. இம்புட்டு இருந்தா வேல பழகலாம். பலகை என்னத்துக்குடா? பந்தியில ஒக்காரப் போறியா?"

"குறடு தொலஞ்சா வேற வாங்கிக்கலாம்ணே," என்பான் சோணை. மொக்கையன் பேச்சை மாற்றிவிடுவார். காரணம் அவருக்கும் தெரியும்.

அந்தக் குறடு சோணையின் அண்ணன் மலைச்சாமியுடையது. அவனும் வயர்மேன்தான். இந்த ஊரில் பல வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. சோணையின் சாதிக்காரர்கள் நின்ற இடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவார்கள். விளக்கேற்ற அவன் கை வேண்டும், தரைக்கு அவன் கால் ஆகாது. போன ஆடியில் ஒரு வீட்டில், விசிறி நின்றுவிடும் என்று மின்சாரத்தை நிறுத்தவிடவில்லை. மலைச்சாமி கம்பியில் கை வைத்திருக்கும்போதே, அவன் போகும்வரை பொறுக்காமல், பின்னாலிருந்து யாரோ குடத்தைச் சாய்த்தார்கள். ஈரம் காலைத் தொட்டதும் விழுந்தவன் எழுந்திருக்கவில்லை.

அண்ணன் மனைவி அழகம்மாள் குறட்டை எடுத்துக் கொடுத்தபோது சொன்னாளாம்: "எல்லாத்தையும் கொண்டு போப்பா. ஒன்னைய மட்டும் வீடு கொண்டாந்து சேத்துரு."

போன வாரம் நான் குடியிருக்கும் வீட்டிலேயே வேலை. மொக்கையன் மாடியில் இருந்தார். கூடத்தில் வீட்டுக்காரர் விசிறிக்கடியில் சாய்ந்திருந்தார். "விசிறி மட்டும் நிக்கக் கூடாது, பாத்துக்க. நின்னுச்சு, நாளையிலயிருந்து நீ வர வேண்டாம்," என்றார்.

சோணை பலகையில் ஏறிச் சுவர் சுவிட்சைக் கழற்றினான். அதற்குள் வீட்டம்மாள் குடத்தோடு வந்து நின்றாள்.

"முடிச்சிட்டுப் போயிர்றேம்மா. பொறவு ஊத்துங்க."

"ஈரம் காஞ்சாத்தான் நான் சாமி கும்பிட முடியும். எம்புட்டு நேரம் காத்துக்கெடக்க?"

குடம் சாய்ந்தது. பலகைக்கு அடியில் தண்ணீர் பரவுவதைச் சோணை பார்த்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் இறங்கி வாசல்பக்கம் போனான்.

விசிறி சுற்றிச் சுற்றி நின்றது.

"எவன்டா நிறுத்துனது?"

"நாந்தாங்கய்யா."

திரும்பி வந்தவன் கையில் பீங்கான் ஃபியூஸ் கட்டை. அது இல்லாமல் அந்த வீட்டுக்குள் மின்சாரம் வராது. வீட்டுக்காரர் பார்க்கவே அதை வேட்டி மடியில் வைத்து இறுக்கி முடிச்சுப் போட்டான். சோதனை பல்பைக் கம்பியில் வைத்துப் பார்த்தான், எரியவில்லை.

"இப்ப ஊத்துங்கம்மா," என்றான்.

பலகையைக் காலால் ஒதுக்கிவிட்டு, ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று கம்பியைப் பிடித்தான்.