வீட்டில் இல்லாத நாற்பது தேள்கள்

பட்டப்படிப்பு முடித்த இரண்டு பேரைத் தாண்டிக் கிடைத்த வேலை. ஆண்களுக்கு மட்டுமே பூட்ஸ் வாங்கும் அலுவலகத்தில் நான்கு வருஷம் நச்சரித்துப் பெற்ற ஐந்தாம் நம்பர் பூட்ஸ். உட்கார ஒரு நாற்காலி. பள்ளிக்கூடத்தை இரண்டே மாதம் மிதித்த தங்கை ஜெயித்து வாங்கியவை இவை. பாலைநிலத்தில் தேள் கணக்கெடுப்பவள் அவள். எழுத்தைக் கண்டால் ஓடுவாள். தேளைக் கண்டால் சம்மணம் போட்டு உட்காருவாள்.

பிறை வடிவில் வாய் இருந்தால் அது தேள் வளை. அதன் முன் குனிந்து முதலில் ஒருமுறை கனைப்பாள். "சொல்லாம கொள்ளாம ஒரு வீட்டுக்குள்ள எட்டிப் பார்க்கலாமா?" பிறகு புல்தண்டை உள்ளே விடுவாள். யாராவது பிடித்து இழுத்தால் ஆள் உண்டு. வளையின் அகலத்தை அண்ணனின் பழைய தையல் டேப்பால் அளப்பாள். மாலையில் தையற்கடைக்கு வந்து அவள் சொல்லச் சொல்ல, அண்ணன் பதிவேட்டில் எழுதுவார். ஒன்பதாம் வகுப்புப் படிப்புதான். ஆனால் ஒரு புள்ளி விடமாட்டார். கீழே அவள் இடது கட்டைவிரலை உருட்டி வைப்பாள்.

புள்ளி விடாத அந்த எழுத்தால்தான் வினை வந்தது. மணல்மேட்டுக்குத் தெற்கே நாற்பது வளைகள். ஒரு விடியற்காலையில் அவள் போனபோது, இரை தேடப் போனவை ஒன்றும் திரும்பியிருக்கவில்லை. "வீட்ல இல்லைன்னு எழுதுண்ணே" என்றாள். அண்ணன் நாற்பது தடவை எழுதினார். தலைமை அலுவலகம் அதைப் படித்துவிட்டு, அங்கே தேள்கள் அறவே இல்லை, கல் உடைக்க அனுமதிக்கலாம் என்று முடிவுகட்டியது. மறுப்புச் சொல்ல மூன்று நாள் கெடு.

"வெளியே போனவங்களை இல்லவே இல்லைன்னு எழுதுவாங்களா? பத்து மணிக்கு இவங்க ஆபீஸ்ல யார் இருக்கா?"

நாற்பது வளைகளிலும் மறுபடி கனைத்தாள். நாற்பதிலும் ஆள் இருந்தது. கடைசி வளையில் புல்தண்டு ஒடிந்துபோக, அவசரத்தில் விரலை விட்டாள். கொட்டு விழுந்தது இடது கட்டைவிரலில்.

மூன்றாம் நாள் புதுப் பதிவோடு அண்ணனும் தங்கையும் அலுவலகம் போனார்கள். குமாஸ்தா பூதக்கண்ணாடி வைத்து ரேகையைப் பார்த்தார்.

"பழசோட ஒத்துவரலைம்மா. இது வேற ஆளு."

"ஆளு அதேதான் சார். விரல்தான் பூசணிக்காயா இருக்கு."

"வத்தினதும் வாங்க."

"பத்து நாளாகும். கெடு இன்னிக்கு சாயங்காலம்."

"அப்போ கையெழுத்துப் போடுங்க. பதிவு செல்லும், குவாரியும் நிக்கும்."

அண்ணன் சட்டைப்பையிலிருந்த தையல் சாக்பீஸை எடுத்து, வராந்தாத் தரையில் அவள் பெயரை எழுதினார். மூன்றெழுத்துப் பெயர். அவள் அதன் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

"முதல் ஆளு வாலைத் தூக்கிட்டு நிக்குது. ரெண்டாவது சுருண்டு படுத்திருக்கு. மூணாவது இடுக்கியை விரிக்குது. இவ்வளவுதானா? முப்பது வருஷமா சொல்லவே இல்லையேண்ணே."

"நீ எங்க உட்கார்ந்த?"

சாக்பீஸ் பாதியாகும்வரை தரையெங்கும் எழுதிப் பழகினாள். நாலரை மணிக்குக் குமாஸ்தாவின் மேசைக்குப் போனாள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. கையெழுத்துக் கட்டத்தின் மேல் குனிந்தாள். ஒருமுறை கனைத்தாள். பிறகு போட்டாள்.

கட்டத்தின் கீழே தேதி: 2009 மார்ச் 17, செவ்வாய்க்கிழமை.